ஒரே வாசல், நான்கு சட்டங்கள்



ராஜேந்திர பிளேஸ் மெட்ரோவில் இறங்கி, புசா ரோட்டைத் தாண்டிப் பழைய ராஜேந்திர நகர்ப் பக்கம் போகிறவர்களுக்கு அந்தக் கட்டடங்கள் பழக்கமானவை. கீழே ஜெராக்ஸ் கடை, மேலே ‘லைப்ரரி’ என்று பலகை மாட்டிய படிப்பறை, அதற்கும் மேலே பலகையடித்துப் பிரித்த சின்னச் சின்ன அறைகள். சிவில் சர்வீசஸ் தேர்வுக்குப் படிக்க வந்த பிள்ளைகள் குடியிருக்கிறார்கள். மதுரையிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்தவர்கள் அவர்களில் உண்டு. அப்படி ஒரு கட்டடத்து வாசலில் காலை முதல் இரவு வரை யார் யார் பொட்டலம் கொண்டு வருகிறார்கள் என்று பார்த்தால், இன்றைய பேச்சின் பொருள் முழுவதும் அந்த ஒரே வாசலில் கிடைத்துவிடும்.

முதலில் தபால்காரர் வருவார். ஸ்பீடு போஸ்ட் கவருக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். பிறகு கூரியர்காரர்; சட்டையில் பெரிய கம்பெனியின் பெயர் இருக்கும், சம்பளம் கொடுப்பது இடையில் உள்ள ஒப்பந்தக்காரர். மதியத்துக்கு மேல் இணையக் கடையின் சின்ன வேன் வரும். அதிலிருந்து பெட்டிகளை இறக்கும் இளைஞருக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. நள்ளிரவு தாண்டியும் ஓயாமல் வருகிறவர்கள் பைக் ரைடர்கள். ஹேண்டில்பாரில் போன், முதுகில் சதுரப் பை, பைக்குள் நூடுல்ஸோ தலைவலி மாத்திரையோ இரண்டு பேனாவோ.

நான்கு பேரும் ஏறுவது ஒரே படிக்கட்டு. தபால்காரர் மத்திய அரசு ஊழியர். அவருக்கு நடத்தை விதிகள், ஓய்வூதியம், அரசு அங்கீகரிக்கும் ஊழியர் சங்கம் எல்லாம் உண்டு. கூரியர்காரர் தொழிலாளர் சட்டங்களுக்குள் வரும் தொழிலாளி, ஆனால் யாருடைய தொழிலாளி என்பது வழக்கு மன்றம் போனால்தான் தெரியும். வேன்காரர் சில இடங்களில் ஊழியர், சில இடங்களில் ஒப்பந்தக்காரருக்கு ஒப்பந்தக்காரர். பைக் ரைடரோ கம்பெனியின் பேச்சில் ‘பார்ட்னர்’. லாபத்தில் பங்கு உண்டா என்று மட்டும் கேட்கக் கூடாது.

ஒரே வேலையைச் செய்கிற, ஒரே தெருவில் வெயில் குடிக்கிற, போட்டிக் கம்பெனிகளின் ஆட்கள் ஒரே சங்கத்தில் சேர முடியுமா? முடியும் என்பதும், சேர்ந்தால்தான் உண்டு என்பதும் இந்தச் சொற்பொழிவின் கட்சி. அதற்கு முதலில் கடல் கடந்து ஒரு இரட்டையர் கதையைப் பார்த்துவிட்டு வருவது நல்லது.

அமெரிக்காவில் யு.பி.எஸ்., ஃபெட்எக்ஸ் என்று இரண்டு பெரிய பார்சல் கம்பெனிகள். யு.பி.எஸ். 1907-இல் சியாட்டிலில் தொடங்கியது. அதன் ஓட்டுநர்களும் கிடங்குத் தொழிலாளர்களும் டீம்ஸ்டர்ஸ் சங்கத்தில் இருக்கிறார்கள். ஃபெட்எக்ஸ் 1971-இல் பிறந்தது. விமானிகளை விட்டால் அங்கே சங்கம் கிட்டத்தட்ட இல்லை. பழுப்பு வண்டியும் வெள்ளை வண்டியும் ஒரே தெருவில் முன்னும் பின்னும் நிற்கும். ஒருவருக்கு ஒப்பந்தம் உண்டு, மற்றவருக்கு இல்லை. காரணம் ஃபெட்எக்ஸ் ஆட்களுக்குச் சங்கத்தில் ஆசை இல்லாதது என்று சொல்வோர் உண்டு. பெரிய காரணம் சட்டத்தில் இருக்கிறது.

யு.பி.எஸ்.ஸின் தரைவழித் தொழிலாளர்களுக்கு 1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலாளர் உறவுச் சட்டம் பொருந்தும். அதன்படி ஒரு ஊரின் ஒரு டிப்போவில் உள்ளவர்கள் மட்டும் வாக்கெடுத்துச் சங்கம் அமைக்கலாம். ஃபெட்எக்ஸ் எக்ஸ்பிரஸோ விமான நிறுவனமாகத் தொடங்கியதால், ரயில்வேக்காக 1926-இல் வந்த ரயில்வே தொழிலாளர் சட்டத்துக்குள் வருகிறது. அங்கே ஒரு வகைத் தொழிலாளர் நாடு முழுவதும் ஒன்றாக வாக்களித்தாக வேண்டும். மெம்பிஸ் டிப்போவில் நூறு பேர் ஒன்றுபட்டாலும் பயனில்லை. அலாஸ்கா வரை போய் ஆள் சேர்க்க வேண்டும். 1996-இல் விமானத் துறை மசோதா ஒன்றில் செனட்டர் எர்னஸ்ட் ஹாலிங்ஸ் நுழைத்த ஒரு சின்னத் திருத்தம் இந்த நிலையை உறுதிப்படுத்தியது. அதை மாற்ற 2009-இல் கீழவை ஒரு மசோதாவை நிறைவேற்றியது. யு.பி.எஸ். அதற்கு ஆதரவு, ஃபெட்எக்ஸ் எதிர்ப்பு. போயிங் விமானங்கள் வாங்குவதையே நிறுத்துவோம் என்கிற அளவுக்குப் பேச்சு போனது. 2012-இல் இறுதியாக வந்த சட்டத்தில் அந்த மாற்றம் இல்லை.

தொழிலாளர் உரிமைக்காக ஒரு முதலாளி வாதாடியது எப்படி என்று வியக்க வேண்டாம். தன் போட்டியாளனுக்கு மட்டும் சங்கம் இல்லாதிருப்பது யு.பி.எஸ்.ஸுக்கு நஷ்டம். 1997 ஆகஸ்டில் சுமார் 1,85,000 யு.பி.எஸ். தொழிலாளர்கள் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகுதிநேர வேலைகளை முழுநேரமாக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கை. மக்கள் ஆதரவு தொழிலாளர் பக்கம் இருந்தது. 10,000 முழுநேர வேலைகளுக்குக் கம்பெனி இசைந்தது. ஆனால் அந்தப் பதினைந்து நாளும் பார்சல்கள் காத்திருக்கவில்லை. ஃபெட்எக்ஸுக்கும் மற்றவர்களுக்கும் போயின. ஒரு கம்பெனியில் மட்டும் சங்கம் இருந்தால், வேலைநிறுத்தத்தின் முதல் லாபம் போட்டிக் கம்பெனிக்குத்தான் என்ற பாடத்தை இரு தரப்பும் அன்று கற்றுக்கொண்டன.

2023-இல் யு.பி.எஸ்.ஸின் 3,40,000 பேருக்கான ஒப்பந்தம் வேலைநிறுத்தம் இல்லாமலே முடிந்தது, 86.3 விழுக்காடு உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். பகுதிநேரத்தவருக்குத் தொடக்கக் கூலி மணிக்கு 21 டாலர். அதோடு, 2024 முதல் வாங்கும் டெலிவரி வண்டிகளில் ஏசி. மே மாதத்துப் புசா ரோட்டில், கருப்புப் பிளாஸ்டிக் சீட்டைத் தண்ணீர் ஊற்றிக் குளிர்வித்துவிட்டு ஏறி உட்காரும் ரைடருக்கு இந்தக் கடைசிச் செய்தியைச் சொன்னால் சிரிப்பார்.

இனி நம் பக்கம். இந்தியாவில் பொட்டலம் சுமந்தவர்களின் சங்கக் கதை தபால் துறையில்தான் தொடங்குகிறது. 1946 ஜூலையில் தபால் தந்தி ஊழியர்கள் நடத்திய வேலைநிறுத்தம் வெள்ளை அரசின் கடைசிக் காலத்தை உலுக்கிய நிகழ்ச்சிகளில் ஒன்று. 1960 ஜூலையிலும் 1968 செப்டம்பர் 19 அன்றும் நடந்த மத்திய அரசு ஊழியர் வேலைநிறுத்தங்களில் தபால்காரர்கள் முன்னணியில் நின்றார்கள். இந்த மரபுக்குள்ளேயே ஒரு கீழ்த்தட்டும் உண்டு. கிராமங்களில் தபால் கொண்டு போகிறவர்கள் முழு ஊழியர்களாக எண்ணப்படாமல், கிராமின் டாக் சேவக் என்ற பெயரில் சில மணி நேர வேலைக்கு மதிப்பூதியம் பெறுகிறவர்கள். 2018 மே 22 முதல் 16 நாள் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். ஜூன் 6 அன்று மத்திய அமைச்சரவை புதிய ஊதிய விகிதத்துக்கு ஒப்புதல் தந்தது. பழைய சங்க வேலைமுறை இந்த நூற்றாண்டிலும் பலிக்கும் என்று காட்டியவர்கள் சைக்கிளில் போகும் அந்தக் கிராமத்துத் தபால்காரர்கள்.

தபால் சங்கம் இருக்கும் இடமும் பாறை போன்றதல்ல. 2023 ஏப்ரலில் தேசிய அஞ்சல் ஊழியர் சம்மேளனத்துக்கும் அதன் சி பிரிவுச் சங்கத்துக்கும் இருந்த அங்கீகாரம் பறிக்கப்பட்டது. விவசாயிகள் போராட்டத்துக்கும் வேறு அமைப்புகளுக்கும் நன்கொடை கொடுத்தது விதிமீறல் என்பது அரசு சொன்ன காரணம். அதே ஆண்டு டிசம்பரில் 1898-ஆம் ஆண்டின் தபால் சட்டத்தை நீக்கிப் புதிய அஞ்சல் சட்டம் நிறைவேறியது. கடிதங்கள் கொண்டு செல்வதில் அரசுக்கு இருந்த தனியுரிமை அதில் இல்லை. ஆக, வாசலுக்கு வரும் நால்வரில் சங்க பலம் மிகுந்த முதல் ஆளும் இன்று போட்டிச் சந்தையில் ஓர் ஆள்தான்.

போட்டிச் சந்தை என்று சொல்லும்போது அதன் வேகத்தையும் நினைக்க வேண்டும். ப்ளூ டார்ட் 1983-இல் மும்பையில் தொடங்கிய கம்பெனி. பின்னாளில் ஜெர்மனியின் டி.எச்.எல். அதை வாங்கியது. டெல்லிவரி 2011-இல் குருகிராமில் தொடங்கி, 2021-இல் ஸ்பாட்டான் நிறுவனத்தையும், 2025-இல் ஈகாம் எக்ஸ்பிரஸையும் விழுங்கியது. உணவு ஆப் ஜொமேட்டோ 2022-இல் மளிகை ஆப் பிளிங்கிட்டை வாங்கி, இன்று எட்டர்னல் என்ற பெயரில் இருக்கிறது. ஒரு கம்பெனியில் சங்கம் அமைத்துப் பதிவு வாங்குவதற்குள் அந்தக் கம்பெனியே வேறு கம்பெனிக்குள் போய்விடுகிறது. தொழிற்சாலை வாசலில் கொடி நட்டுச் சங்கம் வளர்த்த காலத்து வழிமுறை இங்கே அப்படியே பொருந்தாததற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ரைடரின் போனிலேயே இருக்கிறது. ஒரு டார்க் ஸ்டோர் வாசலை எடுத்துக்கொள்வோம். கடை என்று பெயர். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், வாடிக்கையாளருக்கு அனுமதி கிடையாது. வெளியே பத்துப் பதினைந்து பைக்குகள். ஆர்டர் விழுந்தால் போன் மணியடிக்கும்; உள்ளே பையைக் கட்டித் தருவார்கள்; ஓட வேண்டும். ஓடிய நேரத்துக்குக் காசு, நின்ற நேரத்துக்கு இல்லை. பெட்ரோல், வண்டிப் பழுது, போன் டேட்டா எல்லாம் அவர் செலவு. ஓர் ஆர்டருக்கு எவ்வளவு என்பது ‘ரேட் கார்டு’. இன்றைக்கு இருக்கும் ரேட் கார்டு நாளைக் காலையில் ஆப்பைத் திறந்தால் மாறியிருக்கும். எதிர்த்துப் பேசினால் ‘ஐ.டி. பிளாக்’: மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டுவதில்லை, ஓலை வருவதில்லை, காலையில் லாக்-இன் ஆகாது, அவ்வளவுதான். ஆகவே புத்தியுள்ள ரைடர் இரண்டு மூன்று ஆப்களை வைத்திருப்பார். மதியம் சாப்பாடு ஒரு கம்பெனிக்கு, மாலை மளிகை இன்னொரு கம்பெனிக்கு. கம்பெனிகள்தாம் ஒன்றுக்கொன்று எதிரி. இவர் இரண்டுக்கும் பொது.

இவர்கள் வேலைநிறுத்தம் செய்யவே மாட்டார்கள் என்று முதலில் பலர் எழுதினார்கள். நம்மவர்கள் அதைப் பொய்யாக்கினார்கள். 2020 ஆகஸ்டில், கொரோனாக் காலத்தில், சென்னையில் ஸ்விக்கி ரைடர்கள் தெருவில் இறங்கினார்கள். ஓர் ஆர்டருக்கு 35 ரூபாய் என்று இருந்த அடிப்படைத் தொகை 15 ரூபாயாகக் குறைந்தது என்பது அவர்கள் குற்றச்சாட்டு. அடுத்த மாதமே ஐதராபாத்திலும் போராட்டம். 2022 செப்டம்பரில் மறுபடி சென்னை. தில்லிக்கு 2023 ஏப்ரலில் அந்த அலை வந்தது. பிளிங்கிட்டில் ஓர் ஆர்டருக்குக் குறைந்தது 25 ரூபாய் என்றிருந்தது 15 ரூபாயானது. மேற்கொண்டு தூரத்தைப் பொறுத்துக் காசு என்றது கம்பெனி. தில்லி, குருகிராம், நொய்டா, ஃபரீதாபாத் எங்கும் டார்க் ஸ்டோர்கள் சில நாள் மூடிக் கிடந்தன.

அந்த நாட்களில் தில்லிக்காரர்கள் பட்டினி கிடக்கவில்லை. ஒரு ஆப் ‘தற்காலிகமாக இல்லை’ என்று காட்டினால் விரல் அடுத்த ஆப்புக்குப் போயிற்று. 1997-இல் ஃபெட்எக்ஸுக்குப் போன பார்சல்கள் போல 2023-இல் பாலும் பிரெட்டும் போட்டிக் கம்பெனிகளின் ரைடர்கள் முதுகில் ஏறி வந்தன. பிளிங்கிட் ரைடர்களிலேயே சிலர் அந்தக் கம்பெனிகளில் லாக்-இன் செய்தார்கள், வீட்டு வாடகை கட்ட வேண்டுமே. கம்பெனி புதிய ரேட் கார்டைக் கைவிடவில்லை. கடைகள் திறந்துகொண்டன.

2025 டிசம்பரில் நடந்தது இதிலிருந்து ஒரு படி மேலே. தெலங்கானா கிக் மற்றும் பிளாட்ஃபார்ம் தொழிலாளர் சங்கமும், ஆப் வழிப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் இந்தியச் சம்மேளனமும் சேர்ந்து, கிறிஸ்துமஸ் அன்றும் ஆண்டின் கடைசி நாளன்றும் வேலைநிறுத்தம் என்று அறிவித்தன. அழைப்பு ஏதோ ஒரு கம்பெனிக்கு மட்டும் எதிரானதாக இல்லை. ஸ்விக்கி, ஜொமேட்டோ, பிளிங்கிட், செப்டோ, அமேசான், ஃபிளிப்கார்ட் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது. பத்து நிமிட டெலிவரியைக் கைவிடுவது முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. 

31-ஆம் தேதிக்குக் கம்பெனிகள் கொடுத்த பதில் பணமாக வந்தது. புத்தாண்டு இரவின் நெரிசல் நேரத்தில் ஓர் ஆர்டருக்கு 120 முதல் 150 ரூபாய் வரை ஜொமேட்டோ தருவதாகச் செய்தி வந்தது. ஸ்விக்கியும் ஊக்கத்தொகையை உயர்த்தியது. விழா நாட்களில் வழக்கமாகத் தருவதுதான் என்றன கம்பெனிகள். 1,70,000-க்கும் மேற்பட்டோர் பங்கேற்றதாகச் சங்கங்கள் கூறின. மறுநாள் ஜொமேட்டோ நிறுவனர் தீபிந்தர் கோயல், ஜொமேட்டோவும் பிளிங்கிட்டும் அன்று 75 லட்சத்துக்கும் மேல் ஆர்டர்களைக் கொடுத்துச் சாதனை படைத்ததாக எழுதினார். இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யார் ஜெயித்தார்கள் என்று தீர்ப்பு எழுதியவர்கள் அவசரக்காரர்கள். 2026 ஜனவரியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா கம்பெனிகளை அழைத்துப் பேசிய பிறகு, பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து ‘பத்து நிமிடம்’ என்பதை எடுத்துவிட்டது. 2023-இல் ஒரு கம்பெனியை எதிர்த்துச் சில நாள் கடையடைத்தும் வாங்க முடியாததை, எல்லாக் கம்பெனிகளையும் சேர்த்து அழைத்த இரண்டு நாள் போராட்டம் ஓரளவு வாங்கிக் கொடுத்தது.

ஓரளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். விளம்பர வாசகம் மாறியது. ரேட் கார்டு யார் கையில் இருந்ததோ அவர்கள் கையிலேயே இருக்கிறது.

சட்டம் இங்கே என்ன செய்கிறது? 2019-இலும் 2020-இலும் நிறைவேறிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தன. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, கிக் தொழிலாளர் என்ற ஆளை முதன்முதலாகச் சட்டத்தில் எழுதியது. கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு வரை, தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டுக்கு மிகாமல், நல நிதிக்குக் கட்ட வேண்டும். நிதி ஆயோக் 2022-இல் போட்ட கணக்குப்படி 2020-21-இல் இப்படிப்பட்டவர்கள் 77 லட்சம் பேர், 2029-30-இல் 2.35 கோடி ஆவார்கள். இத்தனை பேருக்குக் காப்பீடு வருவது நல்லது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

குறை பக்கத்துச் சட்டத்தில் இருக்கிறது. தொழில் உறவுகள் தொகுப்பு, பல சங்கங்கள் இருந்தால் எந்தத் தனிச் சங்கத்தோடு முதலாளி பேசியாக வேண்டும் என்பதற்கு ஓர் அளவுகோல் வைக்கிறது: நிறுவனத்தின் மஸ்டர் ரோல் என்னும் பதிவேட்டில் உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினர் அந்தச் சங்கத்தில் இருக்க வேண்டும். ரைடர் எந்த மஸ்டர் ரோலிலும் இல்லை. பூஜ்யத்தில் 51 விழுக்காடு எவ்வளவு என்று புசா ரோட்டுத் தமிழ்ப் பள்ளியின் ஆறாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். நலத்திட்டத்தில் ரைடருக்கு இடம் கொடுத்த அரசு, பேச்சுவார்த்தை மேசையில் நாற்காலி போடவில்லை. பெங்களூர் ஐ.ஐ.ஐ.டி.யிலிருந்து ஃபேர்வொர்க் ஆய்வாளர்கள் தொழிலாளரை நடத்தும் நியாயத்துக்காக இந்திய ஆப் கம்பெனிகளுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுகிறார்கள். 2024-இல் எந்தக் கம்பெனியும் ஆறைத் தாண்டவில்லை. தொழிலாளர் அமைப்பை ஏற்றுக்கொள்வதற்கான மதிப்பெண்ணை யாரும் வாங்கவில்லை.

சங்கத்தை ஏற்காத கம்பெனிகள் நீதிமன்றத்துக்கும் போகும். 2021 டிசம்பரில் குருகிராமில் போராடிய அழகுக்கலைப் பணிப் பெண்களில் நால்வர் மீது, வீடுகளுக்கு அவர்களை அனுப்பும் ஆப்பான அர்பன் கம்பெனி வழக்குப் போட்டது. தமிழர்களுக்கு இது கேட்ட கதை. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் மற்றவர்களும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில் பின்னி ஆலை நிர்வாகம் நஷ்டஈடு கேட்டு வாடியா மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையாணை வாங்கியது. சங்கம் நடத்துவதே சட்ட விரோதம் ஆகிவிடுமா என்ற அந்த அதிர்ச்சியிலிருந்துதான், என்.எம். ஜோஷியின் முயற்சியால், 1926-ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் ஓர் அருமையான வரையறை இருந்தது: தகராறு எந்த முதலாளியோடு நடக்கிறதோ அவரிடம் வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும், தொழிலில் ஈடுபட்டவர் எல்லோரும் தொழிலாளிதான். போட்டிக் கம்பெனிகளின் ஆட்கள் ஒரு குடையின் கீழ் வர நூறு ஆண்டுக்கு முன்பே சட்டம் இடம் விட்டிருந்தது.

பதிவுச் சான்று கிடைப்பதும் எளிதாக நடப்பதில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள், நிரந்தர வேலையும் அடையாள அட்டையும் உள்ளவர்கள், 2024-இல் 37 நாள் வேலையை நிறுத்தினார்கள். அவர்களுடைய சங்கம் பதிவானது 2025 ஜனவரியில். அவர்களுக்கே அந்தப் பாடு என்றால், அடையாள அட்டைக்குப் பதில் ஓர் ஆப் மட்டும் வைத்திருப்பவர்களின் பாட்டைச் சொல்ல வேண்டியதில்லை.

பல முதலாளிகளுக்கு மாறி மாறி உழைப்பவர்களை எப்படிக் காப்பது என்பது இந்தியாவுக்குப் புதிய கேள்வி இல்லை. மும்பை மொத்த மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு ஒரு முதலாளி கிடையாது. காலையில் ஒரு மண்டி, மாலையில் இன்னொன்று. அண்ணாசாகேப் பாட்டீல் அவர்களை ஒன்று சேர்த்தார். 1969-இல் மகாராஷ்டிரம் மாத்தாடித் தொழிலாளர் சட்டம் இயற்றியது. அதன் கீழ் வாரியங்கள் வந்தன. வாரியத்தில் வியாபாரி, தொழிலாளி, அரசு மூன்று தரப்பும் உட்காரும். வியாபாரிகள் கூலியையும் அதன் மேல் ஒரு தீர்வையையும் வாரியத்தில் கட்ட வேண்டும். வாரியம் கூலியைக் கொடுக்கும், தீர்வையிலிருந்து பி.எஃப்., போனஸ், மருத்துவம் பார்க்கும். எந்த மண்டிக்குத் தூக்கினாலும் விகிதம் பேசி முடித்த விகிதம். பக்கத்து மண்டிக்காரன் குறைவாகக் கொடுத்து வியாபாரத்தைத் தட்டிப் பறிக்க வழியில்லை.

அதைப் பார்த்துத்தான் தமிழ்நாடும் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் கொண்டு வந்தது. அதன் அடியில் கட்டடத் தொழிலாளர் முதல் ஆட்டோ ஓட்டுநர் வரை நல வாரியங்கள் வரிசையாக வந்தன. 2023 டிசம்பரில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர் நல வாரியமும் சேர்ந்தது. 2025-இல் மின்சார ஸ்கூட்டர் வாங்க 2,000 பேருக்குத் தலா 20,000 ரூபாய் மானியம் என்று பட்ஜெட் சொன்னது. சென்னை மாநகராட்சி ஏசி ஓய்வறையும் திறந்தது. பாராட்ட வேண்டியவைதாம். ஆனால் மும்பை வாரியத்தின் உயிர் எங்கே இருந்ததோ அதைத் தமிழ்நாடு எடுத்துக்கொள்ளவில்லை. நம் வாரியங்கள் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து உதவி கொடுக்கும், கூலி பேசாது.

கர்நாடகம் 2025-இல் இயற்றிய சட்டம் இன்னும் கொஞ்சம் முன்னே போகிறது. ஒவ்வொரு ஆர்டருக்கும் தொழிலாளிக்குக் கொடுக்கும் தொகையின் மேல் 1 முதல் 5 விழுக்காடு நலக் கட்டணம். நீக்குவதற்கு 14 நாள் முன்னறிவிப்பு. ஆப் எந்தக் கணக்கில் வேலையைப் பங்கிடுகிறது என்று சொல்லும் கடமை. 2023-இல் முதன்முதலில் சட்டம் போட்ட ராஜஸ்தானுடையதை விட இது நல்ல சட்டம். ஐ.டி. பிளாக் என்ற பேயை விரட்ட இப்படி ஒரு விதி வேண்டும்.

கம்பெனிகளின் வாதத்தையும் கேட்க வேண்டியது நியாயம். நினைத்தபோது லாக்-இன், நினைத்தபோது வெளியே. கல்லூரிப் பிள்ளைகளும் வேறு வேலை பார்ப்பவர்களும் அதற்காகத்தான் வருகிறார்கள். ஷிப்ட் கட்டினால் பாதிப் பேர் வர மாட்டார்கள் என்கிறார்கள். இதில் உண்மை உண்டு. நாள் முழுக்க ஓட்டிக் குடும்பம் நடத்துகிறவரையும், சனி ஞாயிறு மட்டும் ஓட்டுகிறவரையும் ஒரே அச்சில் வார்க்க முடியாது. பிரிட்டனில் 2019-இல் ஹெர்மிஸ் பார்சல் கம்பெனியும் ஜி.எம்.பி. சங்கமும் இதற்கு ஒரு நடுவழி கண்டன. நேரச் சுதந்திரம் அப்படியே இருக்கும். விரும்புகிறவருக்கு விடுமுறைச் சம்பளமும் சங்கம் பேசிய விகிதமும் கிடைக்கும். சுதந்திரமும் சங்கமும் சேர்ந்து நிற்காது என்பது இதனால் அடிபட்டுப் போகிறது. அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் 2023 நவம்பரில் டெலிவரூ ரைடர்களுக்குக் கூட்டுப் பேரத்துக்கான சட்ட உரிமை இல்லை என்றும் தீர்ப்பளித்தது. தன் வேலையை இன்னொருவரிடம் கொடுக்கும் உரிமை ரைடருக்கு இருப்பது முக்கியக் காரணம். நீதிமன்றத்தை மட்டும் நம்பிச் சங்கம் வளர்க்க முடியாது.

கம்பெனிகளின் இன்னொரு வாதம், நாங்கள் மட்டும் கூலியை ஏற்றினால் போட்டியில் செத்துப்போவோம் என்பது. இதுதான் அவர்களுடைய வாதங்களில் நேர்மையானது. அதற்கு விடை ஒரு கம்பெனிக்குள் கிடைக்காது. தில்லியில் கிலோமீட்டருக்கு இவ்வளவு, காத்திருந்த நேரத்துக்கு இவ்வளவு, 45 டிகிரிக்கு மேல் போனால் இவ்வளவு கூடுதல் என்று எல்லாக் கம்பெனிக்கும் ஒரே தரை விகிதம் வந்துவிட்டால் யாரும் யாரையும் கீழே இழுக்க முடியாது. அதற்கு மேல் எவ்வளவு கொடுத்து ஆளைப் பிடிக்கிறார்கள் என்பது அவரவர் சாமர்த்தியம். மண்டிக்காரர்கள் 1969-இல் முனகிக்கொண்டே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. மண்டிகள் மூடிவிடவில்லை.

உலகத் தொழிலாளர் அமைப்பு 2025 ஜூன் மாநாட்டில், ஆப் வழி வேலைக்கு ஒரு சர்வதேச உடன்படிக்கை வேண்டும் என்று முடிவு செய்தது. இந்திய உச்ச நீதிமன்றத்தில் ஆப் தொழிலாளர் சம்மேளனம் 2021-இல் தொடுத்த பொதுநல வழக்கும் இருக்கிறது. அவை தம் போக்கில் நடக்கட்டும். பக்கத்திலேயே செய்யக் கூடிய காரியம் ஒன்று உண்டு. சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி அமையும் தேசிய வாரியத்தில் கம்பெனிகளுக்கு 5 இடம், கிக் தொழிலாளர்களுக்கு 5 இடம். அந்த ஐந்து பேரை மத்திய அரசே நியமிக்கலாம் என்கிறது சட்டம். அரசுக்குப் பிடித்தவர்களை உட்கார வைக்கவும் அதில் வழி இருக்கிறது. சங்கங்கள் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களை நியமிக்கவும் தடை எதுவும் இல்லை. தலைநகரில் வாழும் தமிழர்கள் (அமைச்சக அலுவலகங்களில் பணியாற்றுகிறவர்களும் ஓய்வு பெற்றவர்களும் இந்த அவையில் இருக்கிறார்கள்) இரண்டாவது வழியைக் கேட்டு எழுத வேண்டும். அந்த மேசையில் முதலில் வைக்க வேண்டிய தாள் ரேட் கார்டு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.